அதிகாரத்துக்கு அஞ்சியவர்கள் அமைத்த அரசு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் அரசியலமைப்பு, இன்று நடப்பில் உள்ள 1787ஆம் ஆண்டுச் சட்டம் அல்ல. அதற்கு முன்பே ‘கூட்டமைப்பு விதிகள்’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. 1777 நவம்பரில் காங்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது. மேற்கே கிடந்த பரந்த நிலங்கள் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் மேரிலாந்து ஒப்புதல் தராமல் இழுத்தடித்ததால் 1781 மார்ச் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகளே அது நீடித்தது. ஆனால் அமெரிக்க அரசு ஏன் இன்றைய வடிவத்தைப் பெற்றது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த எட்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

பிரிட்டனுடன் பூசல் மூண்டதே வரியால்தான். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றம் 1765ல் முத்திரைத் தாளுக்கும் பின்னர் தேயிலைக்கும் வரி போட்டதை எதிர்த்து எழுந்தவர்களுக்கு, தாங்களே அமைத்த காங்கிரஸிடமும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. கூட்டமைப்பில் ஓர் அவை மட்டுமே இருந்தது. பெரியதோ சிறியதோ, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. ஆட்சித் தலைவர் கிடையாது, தேசிய நீதித்துறையும் கிடையாது. போர், உடன்படிக்கை, கடன் போன்றவற்றுக்கு ஒன்பது மாநிலங்கள் இசைய வேண்டும். விதிகளில் ஒரு சொல்லைத் திருத்துவதற்கும் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். மன்னரின் கொடுமையை அனுபவித்தவர்கள், மன்னராக மாறவே முடியாத ஒரு மைய அரசை அமைத்தார்கள். அது அரசாக இயங்கவும் முடியாமல் போனது.

முதலில் கையைக் கடித்தது பணம். போர்ச் செலவுக்காக 1775 முதல் 1779 வரை காங்கிரஸ் 20 கோடி டாலருக்கும் மேல் காகித நோட்டு அச்சிட்டது. நோட்டுக்கு ஈடாகத் தங்கமும் இல்லை, வரி வருமானமும் இல்லை. 1780ல் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே மதிப்பைக் குறைத்தது. மறு ஆண்டில் அந்த நோட்டு புழக்கத்திலிருந்தே மறைந்தது. மாநிலங்களிடம் கையேந்துவதைத் தவிர வேறு வழியில்லை. 1782ஆம் ஆண்டுக்கென 80 லட்சம் டாலர் கேட்கப்பட்டது. ஆண்டு முடிவில் வந்து சேர்ந்த தொகை 5 லட்சத்தைக்கூட எட்டவில்லை. தராத மாநிலத்தைத் தட்டிக் கேட்க விதிகளில் இடமில்லை. இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதத் தீர்வை விதிக்க அனுமதி தாருங்கள் என்று 1781ல் காங்கிரஸ் வேண்டிக்கொண்டது. பரப்பில் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 1782ல் மறுத்ததும் திட்டம் கவிழ்ந்தது. 1783ல் மறுபடியும் முயன்றார்கள். இந்த முறை தன் துறைமுக வருமானத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத நியூயார்க், காங்கிரஸ் ஏற்க முடியாத நிபந்தனைகளைப் போட்டு 1786ல் அதை முடித்துவைத்தது. ஒரே ஒரு மாநிலத்தின் மறுப்பு நாட்டின் கருவூலத்தைப் பூட்டிவைக்க முடிந்தது என்பதைவிடப் பெரிய சான்று அந்த விதிகளின் குறைபாட்டுக்குத் தேவையில்லை.

காசில்லாத அரசுக்கு மரியாதையும் இல்லை. 1783 ஜூனில் சம்பள பாக்கி கேட்டு பென்சில்வேனியப் படைவீரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மாநில அரசு தன் படையை அழைக்கத் தயங்கியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் ஊரைவிட்டே கிளம்பி நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனுக்குப் போய்க் கூடினார்கள். அதே ஆண்டு பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையை ஏற்க ஒன்பது மாநிலங்களின் பிரதிநிதிகள் வேண்டும். காங்கிரஸ் அப்போது கூடிய அனாபொலிஸில் அத்தனை பேரைத் திரட்டுவதற்குள் 1784 ஜனவரி 14 ஆகிவிட்டது. பழைய கடன்கள் தீரவில்லை என்பதைக் காரணம் காட்டி, டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளைவிட்டு பிரிட்டிஷ் படை நகரவில்லை. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியை ஸ்பெயின் 1784ல் அமெரிக்கப் படகுகளுக்கு அடைத்தது. இரண்டையும் எதிர்த்துக் கேட்கும் வலிமை காங்கிரஸுக்கு இல்லை. ஆனாலும் அந்த அரசு எதையுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலங்களில் அடிமை முறைக்குத் தடை விதித்து, அங்கே உருவாகும் புதிய மாநிலங்கள் பழையவற்றுக்குச் சமமாகச் சேரலாம் என்று வகுத்த 1787 ஜூலை 13ஆம் தேதிச் சட்டம் அந்தக் காங்கிரஸ் இயற்றியதுதான்.

தலைவர்களை உண்மையில் உலுக்கியது மாசசூசெட்ஸ் உழவர்களின் கிளர்ச்சி. போர்க் கடனை விரைவாக அடைத்துவிட வேண்டும் என்று அந்த மாநிலம் கடுமையான வரி போட்டது. அதைத் தங்கம் வெள்ளி நாணயமாகக் கட்டச் சொன்னது. மேற்கு மாவட்டங்களின் உழவர்களிடம் தானியமும் மாடும் இருந்தன, நாணயம் இல்லை. பலர் போரில் சண்டையிட்டவர்கள். சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட கடன் பத்திரங்களை வயிற்றுப்பாட்டுக்காக வந்த விலைக்கு விற்றுவிட்டவர்கள். இப்போது அந்தப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தவர்களுக்கு வட்டி கொடுப்பதற்காக அவர்களிடமே வரி வசூலிக்கப்பட்டது. கட்ட முடியாதவர்களின் நிலமும் கால்நடையும் நீதிமன்ற ஆணையால் ஏலம் போயின, சிலர் கடனாளிச் சிறைக்கும் போனார்கள். 1786 ஆகஸ்ட் 29 அன்று நார்தாம்ப்டன் நீதிமன்றத்தின் முன் ஏராளமானோர் திரண்டு நின்று, வழக்குகள் நடக்கவிடாமல் தடுத்தார்கள். மற்ற ஊர்களிலும் அது பரவியது. முன்னாள் படைத்தலைவர் டேனியல் ஷேஸ் அவர்களில் ஒருவர். கிளர்ச்சி வரலாற்றில் அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கிப் பனியில் நடந்து வந்தவர்கள்மீது பீரங்கி சுடப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய படைக்குப் பணம் கொடுத்தவர்கள் பாஸ்டன் வணிகர்கள். படை திரட்டக் காங்கிரஸ் மாநிலங்களிடம் கேட்ட பணம் ஏறத்தாழ வரவே இல்லை.

அந்த உழவர்களின் குறை நியாயமானது என்பதில் ஐயமில்லை. அடுத்த தேர்தலில் மாசசூசெட்ஸ் வாக்காளர்களே ஆளுநர் பௌடினைத் தோற்கடித்து ஜான் ஹான்காக்கை அமர்த்தினார்கள். வரியும் குறைந்தது. ஆனால் மற்ற மாநிலங்களின் செல்வர்களும் நில உடைமையாளர்களும் அதிலிருந்து வேறு பாடம் படித்தார்கள். கிளர்ச்சி தொடங்கிச் சற்றே பிறகு, 1786 செப்டம்பரில், வணிகச் சிக்கல்களைப் பேச அனாபொலிஸில் ஐந்து மாநிலங்களின் பிரதிநிதிகள் மட்டும் கூடியிருந்தார்கள். கூட்டம் தேறவில்லை. அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதிய அறிக்கை மட்டும் எல்லா மாநிலங்களும் ஃபிலடெல்ஃபியாவில் கூட வேண்டும் என்று அழைத்தது. மாசசூசெட்ஸ் செய்திகள் அந்த அழைப்புக்கு வலுவூட்டின. பண்ணைக்குத் திரும்பி ஓய்வில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், தயக்கத்தை விட்டு வரச் சம்மதித்தார்.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை அந்தப் பேரவை நடந்தது. ரோட் ஐலண்ட் ஆளனுப்பவில்லை. மற்ற பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்து போனார்கள். 81 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மூத்தவர். தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸிலும் ஜான் ஆடம்ஸ் லண்டனிலும் தூதர்களாக இருந்ததால் வரவில்லை. வாசலில் காவல், கோடை வெயிலிலும் அடைத்த ஜன்னல், உள்ளே பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி. ஒருவர் மனம் மாறினாலும் கேலிக்கு ஆளாகாமல் பேச அந்த இரகசியம் உதவியது. 36 வயது ஜேம்ஸ் மாடிசன் தலைமை நாற்காலிக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் பேச்சுகளைச் சுருக்கக் குறிப்புகளாக எடுத்து, இரவில் விரித்து எழுதினார். 1836ல் அவர் இறந்த பிறகு, 1840ல்தான் அவை அச்சாயின. அந்த அறையில் நடந்ததைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி அவர் கைவண்ணம்.

இவர்கள் எதைப் பார்த்து அரசை வடிவமைத்தார்கள் என்பதில் புத்தகங்களுக்கு அளவுக்கு மீறிய பெருமை தரப்படுவதுண்டு. ஜான் லாக்கின் இயற்கை உரிமைக் கோட்பாடும், 1748ல் வெளிவந்த மாண்டெஸ்கியூவின் ‘சட்டங்களின் சாரம்’ வற்புறுத்திய அதிகாரப் பிரிவினையும், பிளாக்ஸ்டனின் சட்ட விளக்கமும் அவர்கள் கரைத்துக் குடித்தவை. 1215ஆம் ஆண்டு மகா சாசனமும் 1689ஆம் ஆண்டு ஆங்கிலேய உரிமைச் சட்டமும் அவர்கள் தங்கள் பிறப்புரிமையாகக் கருதியவை. ஆனாலும் முதல் ஆசான் சொந்த அனுபவமே. வர்ஜீனியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை 1619லேயே கூடியது. லண்டனிலிருந்து வந்த ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கும் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, நூறாண்டுகளுக்கும் மேலாக இச்சபைகள் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிப் பழகியிருந்தன. விடுதலைக்குப் பின் மாநிலங்கள் எழுதிய அரசியலமைப்புகள் பதினொரு ஆண்டு ஒத்திகையாக அமைந்தன. 1776ல் பென்சில்வேனியா ஆளுநரே வேண்டாம் என்று ஒரே அவையிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தது. வர்ஜீனியா தன் ஆளுநரை ஆண்டுதோறும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும்படி செய்து கையைக் கட்டியது. ஆடம்ஸ் வரைந்த 1780ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சட்டமோ இரண்டு அவைகள், சுதந்திரமான நீதிபதிகள், மசோதாவைத் திருப்பி அனுப்பும் ஆளுநர், மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதைக் கடக்கும் சட்டமன்றம் என்று வகுத்து, ஊர்க் கூட்டங்களின் ஒப்புதலுக்கும் போனது. ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த சட்டத்தின் முகச்சாயல் மாண்டெஸ்கியூவைவிட மாசசூசெட்ஸையே அதிகம் ஒத்திருக்கிறது.

நூல்களை மெய்யாகவே கருவியாக்கியவர் மாடிசன். ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பிய நூல்களை வைத்துக்கொண்டு கிரேக்க நகரக் கூட்டணிகள், ஸ்விட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகியவற்றின் கூட்டாட்சிகள் ஏன் தளர்ந்தன என்று வரிசையாகக் குறிப்பெடுத்தார். மைய அரசு உறுப்பு அரசுகளுக்கு ஆணையிட்டதே தவிர மக்களை நேரடியாக ஆளவில்லை என்பதையே எல்லாவற்றிலும் பொதுவான நோயாகக் கண்டார். குடியரசு சிறிய நாட்டுக்கே பொருந்தும் என்பது மாண்டெஸ்கியூவின் கருத்து. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் அதை மறுத்து எழுதியதை மாடிசன் மேலும் கொண்டுசென்றார். நாடு பெரிதானால் நலன்கள் பலவாகும், எந்த ஒரு கூட்டமும் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்குவது கடினமாகும் என்பது அவர் வாதம்.

பூர்வகுடிகளின் பங்கு பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு பழங்குடிகள் இணைந்த ஹொடினொஷோனி கூட்டமைப்பு இன்றைய நியூயார்க் பகுதியில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஃபிராங்க்ளின் 1751லேயே அதைக் கவனித்து எழுதினார். 1754ல் ஆல்பனியில் அவர் முன்வைத்த குடியேற்றங்களின் ஐக்கியத் திட்டத்தின் பின்னணியில் அது இருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1988ல் இந்தக் கடனைத் தீர்மானமாகவே ஏற்றுக்கொண்டது. 1787 சட்டத்தின் பிரிவுகளில் அதன் நேரடித் தடயத்தைக் காட்டுவது கடினம். கூட்டாட்சி என்பது ஏட்டுக் கனவல்ல, கண்முன் இயங்கும் ஒன்று என்று அவர்கள் காட்டியதே உறுதியாகச் சொல்லக்கூடியது. அதே மக்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை 1779ல் ஜெனரல் சல்லிவனின் படை எரித்துச் சாம்பலாக்கியது.

பேரவையில் முதல் மோதல் பெரிய மாநிலங்களுக்கும் சிறியவற்றுக்கும். மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் படித்த வர்ஜீனியத் திட்டம், இரண்டு அவைகளிலும் மக்கள்தொகைக்கோ செலுத்தும் வரிக்கோ ஏற்ற இடங்கள் கேட்டது. ஜூன் 15 அன்று நியூ ஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் பழைய ஒரு வாக்கு முறையைக் காக்கும் மாற்றுத் திட்டத்தை வைத்தார். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7 லட்சத்தைத் தாண்டியது, டெலவேருக்கு 60,000கூட இல்லை. வாக்குச் சமத்துவத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று டெலவேர் தன் பிரதிநிதிகளுக்குக் கட்டளையே இட்டிருந்தது. ஜூலை 16 அன்று கனெக்டிகட்காரர்கள் முன்னின்று வாதாடிய சமரசம், ஐந்து மாநிலங்கள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு, மாசசூசெட்ஸ் இரண்டாகப் பிளவு என்ற கணக்கில் நூலிழையில் தப்பியது. பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படி, செனட் மாநிலத்துக்கு இருவர். மாடிசன் இதைத் தோல்வியாகவே கருதினார்.

ஆட்சித் தலைவர் ஒருவரா, பலரா என்பதிலும் நெடிய வாதம். ஒருவர் போதும் என்று ஜேம்ஸ் வில்சன் சொன்னபோது, மன்னராட்சி அதிலிருந்து முளைக்கும் என்று ராண்டால்ஃப் அஞ்சினார். அவரைக் காங்கிரஸ் தேர்ந்தெடுப்பதென்று முடிவாகி, கலைந்து, மீண்டும் முடிவாகி, கடைசியில் செப்டம்பரில் வாக்காளர் குழு என்ற ஏற்பாடு வந்தது. முதல் தலைவராக வரப்போகிறவர் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்த வாஷிங்டன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பதவிக்கு இவ்வளவு அதிகாரம் கிடைத்தது.

அடிமை முறையைப் பற்றிய பேரங்களே அந்தச் சட்டத்தின் ஆறாத புண். 1790ல் நாட்டின் 39 லட்சம் மக்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். வாக்கோ உரிமையோ இல்லாத அவர்களில் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டு, தென்மாநிலங்களுக்குச் சபையில் கூடுதல் இடங்கள் தரப்பட்டன. தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. ஆகஸ்ட் 8 அன்று பென்சில்வேனியாவின் கவுவர்னர் மோரிஸ் எழுந்து அடிமை முறையை நாட்டின் சாபம் என்று கண்டித்தார். பலன் இல்லை. அதே மாதம் 25ஆம் தேதி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைக் காங்கிரஸ் 1808 வரை தடை செய்யக் கூடாது என்று முடிவானது. அடிமைகள் மிகுந்த வர்ஜீனியா எதிர்த்து வாக்களித்தது. அடிமைகள் மிகக் குறைவான மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர் மூன்றும் தென் கரோலினாவோடு சேர்ந்து ஆதரித்தன. கப்பல் வணிகச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே இயற்றலாம் என்ற சலுகை வடக்கின் கப்பல்காரர்களுக்கு அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது. தென் கரோலினா 1803ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அடிமை வணிகத்துக்கு மீண்டும் திறந்து, நான்கே ஆண்டுகளில் பல்லாயிரம் பேரை இறக்கியது. இந்த விலை கொடுக்காவிட்டால் ஒன்றியமே அமைந்திருக்காது என்று வாதிடுவோர் உண்டு. அப்படியே இருந்தாலும், அந்த விலையைக் கொடுத்தவர்கள் அந்த அறையில் இல்லாதவர்கள்.

செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள். ராண்டால்ஃப், ஜார்ஜ் மேசன், எல்பிரிட்ஜ் ஜெர்ரி மூவரும் கடைசி நாள் வரை இருந்தும் மறுத்தார்கள். 1776ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர் மேசன். உரிமைப் பட்டியல் இல்லாத சட்டம் அவருக்கு ஒப்பவில்லை. பேச்சுரிமை, மத உரிமை, நடுவர் விசாரணை எதற்கும் போதிய காப்பு இல்லாமல் இவ்வளவு அதிகாரத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கலாமா என்ற கேள்வி ஊர் ஊராக எழுந்தது. ஹாமில்டன், மாடிசன், ஜான் ஜே மூவரும் பப்ளியஸ் என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. புரூட்டஸ் என்ற பெயரில் எழுதிய எதிர்ப்பாளரின் கட்டுரைகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரம் எவ்வளவு விரியும் என்பதை அன்றே அவர் துல்லியமாகக் கணித்தார். 1788 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ், இப்போது ஏற்கிறோம், பிறகு திருத்துங்கள் என்ற பரிந்துரையோடு 187க்கு 168 என்று ஒப்பியது. மற்றவர்களுக்கும் அதுவே வழியானது. ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாகச் சேரச் சட்டம் உயிர் பெற்றது. வர்ஜீனியா 89க்கு 79, நியூயார்க் 30க்கு 27. ரோட் ஐலண்ட் 1790 மே மாதத்தில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் வந்து சேர்ந்தது.

ஏட்டில் எழுதிய அரசை நடத்திக் காட்டுவது தனி வேலை. நியூயார்க்கில் 1789 மார்ச் 4 அன்று கூட வேண்டிய காங்கிரஸுக்கு அன்று வந்தவர்கள் எட்டு செனட்டர்களும் பதின்மூன்று பிரதிநிதிகளும்தான். போதிய எண்ணிக்கை சேர ஏப்ரல் ஆனது. ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றார். அவரை எப்படி அழைப்பது என்றே செனட் வாரக்கணக்கில் வாதிட்டது. துணைத் தலைவராக அவைக்குத் தலைமை வகித்த ஆடம்ஸ் அரச மரியாதை தொனிக்கும் நீண்ட பட்டம் கேட்டார், பிரதிநிதிகள் சபை மறுத்தது.

செனட்டின் ஆலோசனையோடும் இசைவோடும் உடன்படிக்கை செய்ய வேண்டும் என்பது சட்டம். எப்படி என்று அது சொல்லவில்லை. ஆகஸ்ட் 22 அன்று வாஷிங்டன் போர்த்துறைச் செயலர் நாக்ஸோடு நேரில் வந்து அமர்ந்தார். கிரீக் முதலான தெற்குப் பழங்குடிகளுடன் செய்ய வேண்டிய உடன்படிக்கை குறித்த தாளை ஆடம்ஸ் வாசித்தார். வீதியில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு மறுபடி வாசித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று உடனே சொல்லச் சொன்னபோது, பென்சில்வேனியாவின் வில்லியம் மெக்லே எழுந்து பழைய ஆவணங்களைப் படிக்கக் கேட்டார். விஷயத்தைக் குழுவுக்கு அனுப்பலாம் என்று யோசனை வந்ததும் வாஷிங்டன் சினந்து எழுந்தார் என்று மெக்லேயின் நாட்குறிப்பு சொல்கிறது. இரண்டு நாள் கழித்து வந்து வேலையை முடித்தார். அதன் பிறகு ஆலோசனை கேட்க அவர் செனட்டுக்குப் போகவே இல்லை. பின்வந்தவர்களும் உடன்படிக்கையைச் செய்து முடித்து இசைவுக்கு அனுப்புவதையே வழக்கமாக்கினார்கள். அமெரிக்க ஆட்சியின் பல நடைமுறைகள் இப்படித்தான் நிலைபெற்றன.

முதல் காங்கிரஸின் உழைப்பு வியக்கத்தக்கது. இறக்குமதித் தீர்வைச் சட்டம் 1789 ஜூலை 4ல் வந்தது. எட்டு ஆண்டுகளாகக் கிடைக்காத வருமானம் சுங்கச் சாவடிகளில் சேரத் தொடங்கியது. வெளியுறவு, போர், நிதித் துறைகள் அமைந்தன. செப்டம்பர் 24ஆம் தேதிச் சட்டம் ஆறு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றத்தையும் கீழ் நீதிமன்றங்களையும் நிறுவியது. உரிமைப் பட்டியல் தேவையில்லை என்று முன்பு வாதிட்ட மாடிசனே, வர்ஜீனிய வாக்காளர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, ஜூன் 8 அன்று திருத்தங்களை முன்வைத்தார். மாநிலங்களுக்கு அனுப்பிய பன்னிரண்டில் பத்து 1791 டிசம்பர் 15 அன்று சட்டமாயின. உரிமைகளுக்காகக் குரல் கொடுத்த பெருமை, தோற்றுப்போன எதிர்ப்பாளர்களையே சேரும்.

கடன் விவகாரம்தான் புதிய அரசைப் பிளந்தது. தேசியக் கடன் 5.4 கோடி டாலர், மாநிலங்களின் கடன் 2.5 கோடி என்று நிதிச் செயலர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் கணக்கிட்டு, இரண்டையும் மைய அரசே முழு மதிப்புக்கு ஏற்க வேண்டும் என்றார். பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு விற்ற படைவீரனுக்கும் பங்கு வேண்டும் என்று மாடிசன் கேட்டது 36க்கு 13 என்று தோற்றது. கடனை ஏற்க வர்ஜீனியர் சிலர் இணங்க, தலைநகரம் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போனது. அடுத்த ஆண்டு தேசிய வங்கி வந்தபோது, சட்டத்தில் எழுதாத அதிகாரம் இல்லை என்றார் ஜெஃபர்சன். எழுதிய அதிகாரத்தை நிறைவேற்றத் தேவையானதும் உண்டு என்றார் ஹாமில்டன். வாஷிங்டன் ஹாமில்டன் பக்கம் சாய்ந்து 1791 பிப்ரவரி 25 அன்று கையெழுத்திட்டார். சட்டத்தை எழுதியவர்கள் எண்ணிப்பார்க்காத அரசியல் கட்சிகள் இந்தச் சண்டைகளில் பிறந்தன.

கட்சிகள் தேர்தல் முறையையும் சோதித்தன. வாக்காளர் குழுவின் ஒவ்வொரு உறுப்பினரும் தலைவர், துணைத் தலைவர் என்று பிரிக்காமல் இருவருக்கு வாக்களிக்கும் ஏற்பாட்டில், 1800ல் ஜெஃபர்சனும் அவருடைய துணை வேட்பாளர் ஏரன் பர்ரும் 73 வாக்குகளில் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்து 1801 பிப்ரவரி 17 அன்று ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. தோற்ற ஆடம்ஸ் ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தார். 1804ன் பன்னிரண்டாம் திருத்தம் இரண்டு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று அந்தக் குறையைச் சரிசெய்தது. ஆடம்ஸ் பெற்றது 65. அடிமைகளைக் கணக்கிட்டதால் தெற்குக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகள் இல்லாவிட்டால் அவரே வென்றிருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த ஐந்துக்கு மூன்று கணக்கை யாரும் அப்போது தொடவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865ன் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்த பின், 1868ல் வந்த பதினான்காம் திருத்தமே அதை நீக்கியது.